ஓடத்தில் ஏறிய வண்டி

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் நாட்டு முதுமொழி. உயர்ந்தோர் தாழ்தலும் தாழ்ந்தோர் உயர்தலும் உலகியல்பு என்பதை உணர்த்தவே பெரியோர் இதனை வழங்கினர். நாமோ, அதன் உட்பொருளை ஒருபுறம் வைத்துச் சொற்பொருளையே எடுத்துக்கொண்டு, மோட்டார் வண்டிகளையும் மக்களையும் ஒருங்கே ஏற்றிச் சென்ற பழைய ஓடங்களின் தொழில் வாழ்க்கையை இக்கட்டுரையில் ஆராயக் கருதினோம். அவ்வோடம் வண்டியை எவ்வாறு தாங்குகிறது, அதனை நடத்துவோர் எதற்கு அஞ்சுகின்றனர், பாலம் வந்தபின் அதற்கு என்ன நேர்கிறது என்பவற்றை அறிதல், நாளை பொறியியல் வல்லுநராகவும் அலுவலராகவும் ஆசிரியராகவும் விளங்கப்போகும் நம் மாணவர்க்குப் பயன்படும் என்பது எமது துணிபு.

நம் நாட்டுக் கடத்து

நாஞ்சில் நாட்டார்க்கு நீர் கடத்தல் புதிதன்று. ஆறும் காயலும் மிக்க மேற்குப் பகுதிகளில், பாலங்கள் அமையுமுன், கடத்து வள்ளங்களே வழியாயிருந்தன. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், சந்தைக்குச் செல்லும் கூடைக்காரியும், மணவீட்டாரும் பிணவீட்டாரும் ஒரே வள்ளத்தில் ஏறிக் கடந்தனர். 'கடத்து' என்னும் அச்சொல் இன்றும் நம் முதியோர் நாவில் உண்டு. 'கடத்தல்' என்பதோ செய்தித்தாள்களின் கையில் அகப்பட்டு வேறொரு பொருளுக்குப் போய்விட்டது.

இன்று நம் மாவட்டத்தில் யாவரும் அறிந்த கடத்து குமரிமுனையில் நடைபெறுவதாகும். 1970-ம் ஆண்டு செப்டம்பர் 2-ம் நாள் திறக்கப்பெற்ற விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்திற்கும், 2000-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலைக்கும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் மக்களை ஏற்றிச் செல்கின்றன. இப்படகுகள் மக்களுக்கே உரியன. வண்டிகளை ஏற்றுவன அல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914-ம் ஆண்டு தொடங்கிய கப்பற் போக்குவரவும் புகைவண்டிப் பிரயாணிகளைக் கருதியே ஏற்பட்டது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அத்துறையும் உடன் அழிந்தது. மோட்டார் வண்டியையும் மக்களையும் ஒருங்கே ஏற்றும் மிதவையை நம் அண்டை நாட்டார் 'ஜங்கார்' என்பர். கொச்சிக் கோட்டைக்கும் வைப்பீனுக்கும் இடையே அத்தகைய மிதவைகளைக் காணலாம்.

ஆயினும், வண்டியும் மக்களும் கூடிச் சென்ற கடத்து ஒன்றன் பிறப்பு, வளர்ச்சி, முதுமை, முடிவு ஆகிய நான்கனையும் ஒருசேர நோக்க வேண்டுமாயின், மலேசிய நாட்டுப் பினாங்குத் துறையே தக்க சான்றாகும். நம் தமிழ்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடந்த துறையாதலின் அது நமக்கு அயலானதும் அன்று.

கமுகின் பெயர் பெற்ற தீவு

'பினாங்' என்பது மலாய் மொழியிற் கமுகினைக் குறிக்கும். 'புலாவ்' என்றால் தீவு. ஆகவே 'புலாவ் பினாங்' என்பதனைக் கமுகந்தீவு எனத் தமிழாக்கலாம். மலாய்த் தீபகற்பத்தின் மேற்கே, கரையினின்றும் சுமார் 3 கிலோமீட்டர் அகலமுள்ள நீர்வாயினாற் பிரிக்கப்பட்டு இத்தீவு கிடக்கின்றது. தீவின் கீழைக் கரையில் 1786-ம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்பவர் நிறுவிய ஜார்ஜ் டவுன் நகரம் உள்ளது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த், பிறை என்னும் ஊர்கள் உள்ளன. நகரமும் கடைவீதியும் துறைமுகமும் தீவில். தோட்டங்களும் வயல்களும் புகைவண்டிப் பாதையும் பெருநிலத்தில். ஒன்றின்றி மற்றொன்று வாழ இயலாமையின், இடையிலுள்ள நீர்வாயைக் கடத்தல் இவ்விரு கரையார்க்கும் அன்றாடத் தேவையாயிற்று.

தமிழ்நாட்டினின்றும் மலாயா சென்றோர் பலர்க்குப் பினாங்கே முதலிற் கண்ட அயல்நாட்டுக் கரையாகும். 1926-ம் ஆண்டு கிளாஸ்கோவிற் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல், உலகப் போர்க்காலம் நீங்கலாக 1973 வரை, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் முதலிய துறைகளுக்குப் போய்வந்தது. தகரப் பெட்டியும் பாயும் கொண்டு கப்பல் தளத்திலேயே படுத்துறங்கிச் சென்றோரே அதிற் பெரும்பாலோர். தோட்ட வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் ஜெரெஜாக் என்னும் சிறு தீவிலே தொற்றுநோய்க்காகத் தடுத்து வைக்கப்பெற்றபின்னரே வேலைத் தலங்களுக்கு அனுப்பப்பட்டனர். பெருங்கடலைக் கடந்தவர்க்கு எஞ்சி நின்றது அச்சிறு நீர்வாய்.

அந்நகரத்தில் ஒரு விந்தையான கட்டடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணிக்கூண்டுடன் எழுப்பப்பட்ட புகைவண்டி நிலையம் அது. ஆனால் அங்கே தண்டவாளம் ஒரு முழங்கூட இல்லை. பிரயாணி அங்கே சீட்டு வாங்குவான். அருகிலுள்ள துறையிற் படகேறி எதிர்க்கரை சேர்வான். பிறையிற் காத்துநிற்கும் புகைவண்டியில் ஏறுவான். சீட்டு விற்ற நிலையத்திற்கும் வண்டி நின்ற நிலையத்திற்கும் இடையிற் கடலே பாதையாயிருந்தது. இக்கட்டடம் பிற்காலத்திற் சுங்க அலுவலகமாயிற்று.

முறையான கடத்து 1894-ம் ஆண்டு குவா பெங் கீ என்னும் சீன வணிகரால் தொடங்கப்பெற்றது என்று பினாங்கு வரலாறு கூறும். 1920-க்குப்பின் மோட்டார் வண்டி பெருகத் தொடங்கவே, துறைமுக வாரியம் பொறுப்பை ஏற்று, வண்டிகளையும் ஏற்றத்தக்க நீராவிப் படகுகளை விட்டது. முதுமொழியின் வண்டி அன்று ஓடத்தில் ஏறியது. பிற்காலப் படகுகளுக்குத் தீவுகளின் பெயர்களே சூட்டப்பட்டன. புலாவ் ரீமாவ், புலாவ் அங்சா, புலாவ் உண்டான், புலாவ் தாலாங் தாலாங், புலாவ் காப்பாஸ் என்பன அவற்றுட் சில. நிலைத்து நிற்கும் தீவின் பெயரை ஓயாது அலையும் படகுக்கு இட்டனர்.

படகின் அமைப்பு

கப்பல் என்றவுடன் முன்புறங் கூர்மையும் பின்புறம் அகலமும் உடைய வடிவமே நம் மனக்கண்முன் தோன்றும். இக்கடத்துப் படகோ இருதலை உடையது. இருமுனையும் ஒருபடித்தாய் இருத்தலின், முன் எது பின் எது என்பது படகு செல்லும் திசையைப் பொறுத்ததேயாம். வண்டி ஒரு முனைவழியே ஏறி மறுமுனைவழியே இறங்கும். வண்டியும் பின்னோக்கி நகர வேண்டுவதில்லை. படகும் திரும்ப வேண்டுவதில்லை. குறுகிய நீர்வாயில் ஒரு நாளிற் பலமுறை போய்வரும் படகுக்கு, ஒவ்வொரு முறையும் திரும்புதற்காகும் நேரம் எத்துணை வீண் என்பதைக் கணக்கிட்டால் இவ்வமைப்பின் அருமை விளங்கும்.

பழைய பினாங்குப் படகுகளில் பெரும்பாலும் கீழ்த்தளம் வண்டிக்கும் மேல்தளம் மக்களுக்கும் உரியன. மேல்தளம் நாற்புறமும் திறந்தது. மரப்பலகை இருக்கைகளில் அமர்ந்து கடற்காற்றை நுகர்ந்தவாறு ஏறக்குறைய கால்மணி நேரத்திலிருந்து இருபது நிமிஷத்திற்குள் எதிர்க்கரை சேரலாம்.

படகைவிடக் கடினமானது துறையின் அமைப்பு. கடல்மட்டம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். துறைமேடை நிலையாக நிற்க, படகு நீரோடு ஏறியிறங்கும். ஒரு நேரத்தில் மேடையோடு சமமாயிருந்த தளம் சில மணி நேரத்திற்குப்பின் பல அடி தாழ்ந்துவிடும். மனிதன் குதித்தேனும் இறங்குவான். மோட்டார் வண்டி என் செய்யும்? ஆதலின், ஒருமுனை கரையிற் கீல்பூட்டி, மறுமுனை ஏறியிறங்குமாறு ஒரு சிறு பாலம் அமைப்பர். படகு வந்தணைந்ததும் அப்பாலத்தின் முனையைப் படகின் தளத்தோடு பொருத்துவர். வண்டியேற்றுங் கடத்தின் உயிர்நாடி இச்சிறு பாலமே. இது பழுதுபட்டால் நல்ல படகும் கரையிலிருந்து பார்க்கும் காட்சிப் பொருளேயாகும்.

பாரமும் கூட்டமும்

இத்தனை வண்டிகளை ஏற்றினாற் படகு அமிழாதோ என்று ஐயுறுவார் உளர். பள்ளியிற் பயின்ற ஆர்க்கிமிடீசு விதியைக்கொண்டு இதனை நாமே கணக்கிட்டு அறியலாம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும். நீர்மட்டத்தில் 40 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள படகு ஒன்றைக் கருதுவோம். அதன் பரப்பு 400 சதுர மீட்டர். வண்டியொன்று 1¼ டன் என வைத்து 30 வண்டிகளை ஏற்றினால் மொத்தப் பாரம் 37½ டன். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை 1 டன்னுக்குச் சிறிது மிகும். ஆகவே படகு சுமார் 37 கன மீட்டர் நீரை மிகுதியாக விலக்கவேண்டும். அதனை 400-ஆல் வகுக்க, படகு மேலும் அமிழ்வது 9 சென்டிமீட்டர் அளவே என்று காண்கிறோம். இஃது அரைச்சாணுக்கும் குறைவு! மக்கள் 400 பேர் ஏறினால் அமிழ்வது 6 சென்டிமீட்டர் அளவே.

ஆகவே படகோட்டிகள் அஞ்சுவது பாரத்திற்கன்று; பாரம் நிற்கும் இடத்திற்கே. கனத்த வண்டிகளை நடுவிலும் இலேசான வண்டிகளை ஓரத்திலும் நிறுத்தி, இருபுறமும் நிகராக்கிக்கொள்வர். தளத்தில் நின்று கையசைத்து வண்டிகளை இடமறிந்து நிறுத்தும் ஊழியன், படிப்பறிவு சிறிதாயினும், நிறைகோலின் தத்துவத்தைக் கையில் வைத்திருப்பவனே ஆவான்.

இவ்விடத்து ஒரு நுட்பம் உண்டு. நிறுத்திய வண்டி நிறுத்திய இடத்தில் நிற்கும். மக்கட் கூட்டமோ அவ்வாறு நிற்பதில்லை. ஒரு புறத்தே வேடிக்கை ஒன்று தோன்றின் எல்லாரும் அப்புறம் ஓடுவர். கரை நெருங்கும்முன் எல்லாரும் இறங்குமுனையில் நெருங்குவர். அன்றியும், மக்கள் நிற்பது மேல்தளம். உயரத்தில் உள்ள பாரம் பக்கத்தே நகர்ந்தால் படகு சாய்தற்கு ஏதுவாகும். ஆகையால், எடையால் வண்டியினும் இலேசான மக்களே படகோட்டியின் பெருங்கவலையாவர். கடத்தை நடத்துதல் என்பது இயந்திரத்தை நடத்துதலினும் கூட்டத்தை நடத்துதலே என்று கூறினால் மிகையாகாது. இவ்வுண்மை பின்னொருநாள், படகிலன்று, கரையிலேயே கொடிய முறையில் வெளிப்பட்டதைப் பின்னர்க் கூறுவோம்.

ஆறு கடக்குமட்டும்

ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்பதும் நம்மவர் கூற்றே. நன்றி மறத்தலைப் பழித்தற்கு எழுந்த மொழியாயினும், கடக்கும் வேளையில் எல்லாரும் ஒரு குடியாவர் என்னும் உண்மையும் அதனுள் அடங்கியுள்ளது. விலையுயர்ந்த வண்டியில் வந்த முதலாளியும், மிதிவண்டியில் வந்த கூலியாளும், சட்டிபானை சுமந்து வந்த கிழவியும் ஒரே படகுக்குக் காத்திருந்து ஒரே நேரத்திற் கரைசேர்ந்தனர். பணம் படைத்தவன் என்பதற்காக நீர்வாய் குறுகுவதில்லை.

கட்டணம் வாங்கும் முறையும் இதற்கு ஏற்றதாயிருந்தது. பிற்காலத்தில் பட்டர்வொர்த்தினின்றும் தீவுக்குச் செல்வோரிடத்து மட்டுமே கட்டணம் பெற்றனர். தீவினின்றும் திரும்புவோர் இலவசமாகவே கடந்தனர். போனவன் மீளுவான் என்னும் நம்பிக்கையின்மேல் அமைந்த கணக்கு இது. சீட்டு விற்கும் வேலை பாதியாய்க் குறைந்ததோடு, கையிற் காசு தீர்ந்தவனும் வீடு திரும்ப வழியிருந்தது.

ஆனால் இத்துறையின் வரலாற்றில், யாவர்க்கும் பொதுவான வழி சிலர்க்கே உரியதாய்ப் போன இரவுகளும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின்மேற் படையெடுத்தனர். டிசம்பர் 11-ம் நாள் ஜார்ஜ் டவுனின்மேல் வானூர்திகள் குண்டு பொழிந்தன. வானூர்திகளை வேடிக்கை பார்த்து வீதியில் நின்ற மக்கள் பெருந்தொகையினராய் மாண்டனர். கடத்துப் படகுகளின் பணியாளர் உயிர்க்கு அஞ்சி அகன்றனர். அதற்கு முந்திய நாள் கடலில் மூழ்கடிக்கப்பட்ட 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் பெரும் போர்க்கப்பல்களில் உயிர்தப்பிய மாலுமிகளே அப்படகுகளை ஓட்டுதற்கு வரவழைக்கப்பட்டனர். பேராழியிற் போர்புரியப் பயின்றவர் சிறு நீர்வாய்க் கடத்தை நடத்தலாயினர்.

பின் நிகழ்ந்ததே வருந்தத்தக்கது. நகரத்தைக் காத்தல் இயலாதெனக் கண்ட ஆட்சியாளர், ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாக நீர்வழியே அகற்றினர். நெடுங்காலம் அவ்வாட்சியை நம்பி உழைத்த தமிழரும் சீனரும் மலாயரும் பொழுது விடிந்தபோது தாம் கைவிடப்பட்டமை அறிந்தனர். அந்நிலையில் நகரமக்களுக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர் ஈழத்தமிழராகிய மாணிக்கசோதி சரவணமுத்து. 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' என்னும் பத்திரிகையின் ஆசிரியர் அவர். கார்ன்வாலிஸ் கோட்டையிற் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றியவர் அவரே. பாதுகாப்பாரற்ற நகரத்தின்மேல் மேலும் குண்டு விழாமற் காத்தற்கு அதுவன்றி வேறு வழியிருந்ததில்லை.

மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சியின் மதிப்பு எப்பொழுது சரிந்தது என்று வினவுவார்க்கு, சிங்கப்பூர் வீழ்ந்த நாளைப் பலர் காட்டுவர். பினாங்கு மக்களைக் கேட்பின் இவ்விரவுகளையே காட்டுவர் போலும். கடத்தின் முதல் அறம், துறைக்கு வந்தவனைக் கரையில் விட்டுச் செல்லாமை. அது தவறியபின் படகு எத்துணை உறுதியாயிருந்தும் பயனென்னை?

பாலம் வந்தபின்

போர் முடிந்து, நாடு விடுதலை பெற்று, வண்டிகள் பன்மடங்கு பெருகின. படகேறுதற்கு வண்டிகள் நெடுநேரம் வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. ஈற்றில் 1985-ம் ஆண்டு செப்டம்பரில் 13½ கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் போக்குவரவுக்குத் திறக்கப்பட்டது. கடத்தின் காலம் முடிந்தது என்று எண்ணியோர் பலர். ஆனால் பாலம் திறந்த பின்னும் 35 ஆண்டுகள் அப்படகுகள் வண்டிகளை ஏற்றி ஓடின! 2014-ல் இரண்டாம் பாலம் திறந்தபோதும் அவை ஓடிக்கொண்டிருந்தன.

இதற்குக் காரணம் ஆராயத்தக்கது. பாலம் வண்டியுடையார்க்கே வழி. நடந்து செல்வோன் 13 கிலோமீட்டர்ப் பாலத்தை என் செய்வான்? புகைவண்டியும் பேருந்தும் வந்து நிற்கும் பட்டர்வொர்த்தினின்றும் நகரத்தின் நடுவே கொண்டுவிடுவது படகேயன்றிப் பாலமன்று. பாலமோ நகருக்குத் தெற்கே பல கல் தொலைவிற் சென்றேறுகிறது. ஆகவே பாலம் வந்தபின்னும் படகுக்கு உரியவர் இருந்தனர்.

இக்காலத்தேதான் முன்னே குறித்த பெருந்துயர் நேர்ந்தது. 1988-ம் ஆண்டு ஜூலை 31-ம் நாள், புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழாவும், தீவிலே சீனர் வழிபடும் குவான் யின் தேவியின் விழாவும் கூடியமையால், பட்டர்வொர்த் துறையிற் பெருந்திரளான மக்கள் படகுக்குக் காத்துநின்றனர். அளவிறந்த கூட்டத்தின் பாரந்தாங்காது துறைநிலையத்தின் மேல்தள நடைமேடை இடிந்து வீழ்ந்தது. 32 பேர் இறந்தனர். 1,600-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். படகுக்கு யாதொரு தீங்கும் இல்லை, கடலும் அமைதியாயிருந்தது. காத்திருக்கும் இடமே கொன்றது. திருவிழாக் காலங்களிற் படித்துறை, நடைமேடை, பாலம், மாடிப்படி ஆகியவற்றில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதை முன்னரே கணக்கிட்டு, அவ்வளவுக்குமேல் ஒருவரையும் விடாதிருத்தல், அவற்றைக் கட்டுவதினும் முதன்மையான கடமை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

முதுமை

ஓடத்திற்கும் முதுமை உண்டு. உப்புநீர் இரும்பை ஓயாது அரிக்கும். ஆகையால் படகை அவ்வப்போது நீரினின்றும் மேலேற்றி, அடித்தட்டைச் சுரண்டி, இற்றுப்போன தகடுகளை மாற்றி, வண்ணம் பூசவேண்டும். பழைய இயந்திரத்திற்கு உறுப்புக் கிடைப்பது வரவர அரிதாகும். ஒரு படகு பழுதுபார்க்கச் சென்றால் எஞ்சியவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்து விரைவில் தேயும். ஓடும் படகுகள் குறைந்தால் இரு படகுகளுக்கு இடையேயுள்ள காலம் நீளும். காலம் நீண்டால் மக்கள் வேறுவழி தேடுவர். மக்கள் குறைந்தால் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் பழுதுபார்க்கும் பணம் குறையும். இச்சுழலில் அகப்பட்ட கடத்து மீளுதல் அரிது.

இங்கே மாணவர் ஒரு சிறு கணக்கைக் கருதுக. நீர்வாயைக் கடக்க 20 நிமிஷம் ஆகும் படகு, 10 நிமிஷத்திற்கு ஒன்றாக விடப்படுகிறது. நேரம் பாராது துறைக்கு வருபவன் சராசரி 5 நிமிஷம் காத்திருப்பான்; 25 நிமிஷத்தில் எதிர்க்கரை சேர்வான். மற்றொரு படகு விரைவானது; 10 நிமிஷத்திற் கடக்கும். ஆனால் மணிக்கு ஒன்றே விடப்படுகிறது. அதற்குச் சராசரி 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும். மொத்தம் 40 நிமிஷம். ஆகவே விரைந்த படகிற் செல்பவன் தாமதமாகவே சேர்கிறான். இது பேருந்துக்கும் புகைவண்டிக்கும் ஒக்கும். பொது வழியின் சிறப்பு வேகத்தில் மட்டும் இல்லை. அடிக்கடி வருதலிலும் தவறாது வருதலிலும் உள்ளது. வேகம் கண்ணுக்குத் தெரிவதால் அதனை வியக்கின்றோம். காத்திருப்பு கணக்கில் ஏறாமையால் அதனை மறக்கின்றோம்.

2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ம் நாளோடு பழைய படகுகள் மோட்டார்க் கார்களை ஏற்றும் தொழில் முடிந்தது. அவ்விறுதி நாட்களில், தேவையே இல்லாதிருந்தும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை கடந்து திரும்பியோர் பலர். 2021 ஜனவரி முதல் நடந்துசெல்வோர்க்கு விரைவுப் படகுகள் விடப்பட்டன. மோட்டார் சைக்கிளுக்கும் மிதிவண்டிக்கும் பழைய படகே சிறிதுகாலம் உதவிற்று. பின்னர் 2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 7-ம் நாள் நான்கு புதிய படகுகள் தொழில் ஏற்றன. ஒவ்வொன்றும் 250 பேரையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றவல்லது. கார்களுக்கு அவற்றில் இடமில்லை.

இம்முடிவில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. 1894-ல் அத்துறையிற் படகேறியவர் நடந்துவந்த மக்கள். பின்னர்க் கார் வந்தது. படகும் துறையும் அதற்கேற்ப உருமாறின. வண்டிவரிசையே கடத்தின் அடையாளமாயிற்று. நூறாண்டு நிரம்புமுன் கார் தனக்கெனப் பாலத்தைத் தேடிக்கொண்டது. இன்று மீண்டும் அத்துறையிற் படகேறுவோர் நடந்து வருவோரும் இருசக்கர வண்டியினருமே. பிந்தி வந்த விருந்தினன் முந்திப் போனான், வீட்டார் இருக்கின்றனர். அவர்கள் இருக்குமட்டும் கடத்தும் வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கது

இனி நம் குமரிமுனைக்கு மீளுவோம். வள்ளுவர் சிலை நிற்கும் பாறையருகே நீர்மட்டம் தாழ்ந்தாலும் அலை மிகுந்தாலும் படகு அணைதல் இயலாது. ஆகையால், தொலைவினின்றும் வந்தோர் பலர் விவேகானந்தர் பாறையில் நின்று சிலையை எட்டிப் பார்த்தே திரும்பினர். 2024-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் நாள் இரு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் திறக்கப்பெற்றபின் அக்குறை நீங்கியது. ஆனால் அப்பாலத்தை அடைவதற்கும் படகே ஏறவேண்டும். பாலமும் படகும் பகைவர் அல்லர். ஒன்று செய்ய இயலாததை மற்றொன்று செய்வது என்பதை நம் முற்றத்திலேயே காண்கின்றோம்.

பினாங்கின் வரலாறு நமக்கு உணர்த்துவது பழமையைப் போற்றுக என்பது மட்டுமன்று. பழைய படகு ஓய்வு பெறுதல் இயற்கையே. இரும்பு எக்காலத்தும் நில்லாது. உணர்த்துவது பிறிதொன்று. ஒரு பாலமோ பாதையோ புதிதாக அமைக்கும்போது, அது யாருக்கு விரைவைத் தருகின்றது என்று மட்டும் கேளாமல், யாரைக் கரையில் நிறுத்துகின்றது என்றும் கேட்கவேண்டும். 1941-ல் அவ்வினாவைக் கேளாதவர் ஒரு நாட்டின் நம்பிக்கையை இழந்தனர். 1985-ல் பாலம் அமைத்தோர் படகையும் நிறுத்தாது விட்டமையால் வண்டியில்லாதார் வழியிழந்திலர்.

நம் மாணவருட் சிலர் பிற்காலத்திற் பாலம் கட்டுவர். சிலர் பேருந்தும் படகும் விடும் அலுவலகங்களில் அமர்வர். பலர் வண்டி வாங்குவர். அன்று அவர்கள் தம் வண்டியினின்றும் ஒருகணம் இறங்கி, துறையில் நிற்போரின் வரிசையை நோக்குவாராக. அவ்வரிசையின் கடைசியில் தலைச்சுமையோடு நிற்கும் கிழவிக்கும் இடமுண்டாயின், அக்கடத்து நன்கு நடைபெறுகின்றது என்று நாம் துணிந்து கூறலாம்.